அடுப்பு எரியாத மூன்று நாள்

இந்த மாதப் பாடம்: மழை வெள்ளத்தின்போது வீட்டுச் சாப்பாடு



இந்த மாதம் சேமிப்பு நோட்டையும் கடன் லெட்ஜரையும் கொஞ்சம் ஓரமா வைச்சிட்டு, எல்லோரும் நம்ம அடுப்படிக்குப் போவோம். போய் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். இன்னைக்கு ராத்திரி தண்ணி உள்ளே வந்து, கேஸ் அடுப்பும் இல்லை, கரண்டும் இல்லை, கடையும் இல்லை என்றால், நாளைக் காலையில் வீட்டில் இருக்கிறவர்கள் எதைச் சாப்பிடுவார்கள்?

"அரிசி இருக்கே" என்றுதான் எல்லோரும் சொல்வோம். அரிசி இருக்கும். ரேஷன் அரிசி, கடை அரிசி இரண்டும் இருக்கும். ஆனால் அரிசியை அப்படியே வாயில் போட முடியாது. அதற்கு நல்ல தண்ணி வேண்டும், நெருப்பு வேண்டும், ஒரு மணி நேரம் நின்று சமைக்க நனையாத இடம் வேண்டும். வெள்ளத்தில் முதலில் போவது இந்த மூன்றும்தான். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிஞ்ச மாதிரி.

2015-ல் நடந்தது

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. செம்பரம்பாக்கத்தில் 47. சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 140 சென்டிமீட்டர்தான். அதில் மூன்றில் ஒரு பங்கை ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டது. நவம்பர் மாதமே ஒரு சுற்று வெள்ளம் வந்து போயிருந்தது. ஏரியும் குளமும் ஏற்கெனவே நிரம்பி நின்றன. தண்ணி போக வழியில்லாமல் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் தரைத்தளத்தை மூழ்கடித்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகணும். அந்த வெள்ளம் என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த ஏரியின் உபரி நீர் திருநீர்மலை பக்கம்தான் அடையாற்றில் சேருகிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆதனூர், மணிமங்கலம் பக்கமிருந்து தண்ணி இறங்கி வரும் வழியில் இருக்கின்றன. ஆகவே "ஏரியைத் திறக்கப் போறாங்களா" என்று டிவியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்து, அப்புறம் சாமான் வாங்கலாம் என்பது நம்ம பக்கத்துக்கு உதவாது. மழை விடாமல் கொட்டினால் தண்ணி அதுபாட்டுக்கு வந்துவிடும். வாங்கி வைக்கிறதை வெயில் அடிக்கும்போதே வாங்கி வைக்கணும்.

அந்த நாட்களில் கையில் காசு இருந்தவர்களும் கஷ்டப்பட்டார்கள். ஏ.டி.எம். வேலை செய்யவில்லை. செல்போன் டவர் போச்சு. விமான நிலையமே டிசம்பர் 1 ராத்திரி மூடி 6-ஆம் தேதிதான் திறந்தார்கள் என்றால் மற்றதைச் சொல்லவேண்டாம். ஒரு லிட்டர் பாலைச் சில இடங்களில் 100 ரூபாய்க்கு விற்றார்கள். மாடியில் நின்றவர்களுக்கு ஹெலிகாப்டரிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டார்கள். படகில் மீட்புப் படையினர் வந்தார்கள். அதன்பின் மதுரை, கோயம்புத்தூர் என்று வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் லாரி லாரியாகச் சாமான் வந்தது. வந்தது உண்மை. ஆனால் முதல் நாளே வரவில்லை, வந்ததும் எல்லாத் தெருவுக்கும் போகவில்லை. மெயின் ரோட்டு வீட்டுக்காரர்களுக்குப் பத்துப் பொட்டலம், உள்தெருவில் இடுப்பளவு தண்ணியில் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை என்கிற நிலைமை பல இடங்களில் இருந்தது.

2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையிலும் இதே கதைதான். வரதராஜபுரம், முடிச்சூர், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் என்று மறுபடியும் தண்ணி. பல நாள் கரண்ட் இல்லை. பால் பாக்கெட்டுக்கு விடியற்காலையில் வரிசை. அரசு பிறகு ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் கொடுத்தது. அந்தப் பணம் வீட்டைச் சரிபண்ண உதவியது. ஆனால் முதல் நாள் பசிக்கு அது கிடைத்திருக்க முடியாது.

எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு தடவை பார்த்துவிட்டோம். வெளி உதவி ஒழுங்காக வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகிறது. அந்த மூன்று நாள்தான் நம்ம பொறுப்பு. ஜப்பான் நாட்டில் அடிக்கடி பூகம்பம் வரும். அங்கேயும் அரசாங்கம் வீட்டு வீட்டுக்குச் சொல்வது, குறைந்தது 3 நாளுக்குச் சாப்பாடும் தண்ணியும் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் ஒரு வாரத்துக்கு, என்பதுதான். பணக்கார நாடே அப்படிச் சொல்லும்போது நாம் யோசிக்கவேண்டாமா?

மூன்று நாள் டப்பா

இதற்கு விலை உயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம். அவல், பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, வெல்லம். இவ்வளவுதான். நாம் சரஸ்வதி பூஜைக்கும் கிருஷ்ண ஜெயந்திக்கும் வாங்குகிற சாமான். ஒடிசாவில் புயல் வரும் என்றால் அரசாங்கமே அவலையும் வெல்லத்தையும் மூட்டை மூட்டையாகத் தயாராக வைத்துக்கொள்கிறது. பீகாரில் வறுத்த கடலை மாவைத் தண்ணியில் கரைத்து, உப்பும் எலுமிச்சம்பழமும் சேர்த்துக் குடித்துவிட்டு வயல் வேலைக்குப் போகிறார்கள். அதற்குப் பேரே 'சத்தூ'. நம்ம பொட்டுக்கடலையைப் பொடி பண்ணினாலும் அதே மாதிரிதான்.

ஏன் இந்த நாலு சாமான்? அவலும் வெல்லமும் தெம்பு கொடுக்கும். ஆனால் அது மட்டும் போதாது. உடம்பு தேய்மானத்தை ஈடுகட்டப் புரதச் சத்து வேண்டும். 100 கிராம் அரிசியில் 7, 8 கிராம் புரதம்தான் இருக்கும். 100 கிராம் பொட்டுக்கடலையிலோ வேர்க்கடலையிலோ 20 கிராமுக்கு மேல் இருக்கிறது. வேர்க்கடலையில் எண்ணெய்ச் சத்தும் இருப்பதால் ஒரு கைப்பிடி தின்றாலே பசி தாங்கும்.

அளவு பார்ப்போம். அவசர காலத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரி 2,100 கலோரி வேண்டும் என்று உலக அளவில் கணக்கு வைத்திருக்கிறார்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு அவல் 200 கிராம், பொட்டுக்கடலை 75, வேர்க்கடலை 75, வெல்லம் 75 கிராம், கூட இரண்டு வாழைப்பழம் என்றால் சுமார் 1,900 கலோரி வந்துவிடும். மூன்று நாளை ஓட்ட அது போதும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளுக்கு அவல் இரண்டரைக் கிலோ, மற்ற மூன்றும் ஒவ்வொன்றும் 900 கிராம், அதாவது ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருந்தால் இன்னும் குறைவாகவே ஆகும்.

மெல்லிசு அவலாக வாங்குங்கள். தண்ணி தெளித்து ஐந்து நிமிஷம் வைத்தால் ஊறிவிடும். கெட்டி அவலுக்கு அரை மணி நேரமும் ஜாஸ்தி தண்ணியும் ஆகும். பொரி தண்ணியில்லாமலே சாப்பிடலாம், குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் இடத்தை அடைக்கும், பசியும் அடங்காது. அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை நம்பி இருக்கக்கூடாது. பிஸ்கட்டும் அப்படித்தான். ஒரு தேங்காய், நாலு எலுமிச்சம்பழம், பத்து வெங்காயம், ஒரு பாக்கெட் உப்பு இதோடு இருந்தால், இனிப்பு அவல் ஒரு வேளை, உப்பு எலுமிச்சை அவல் ஒரு வேளை என்று மாற்றிக் கொடுக்கலாம். மூன்று நாளும் இனிப்பே என்றால் பிள்ளைகள் இரண்டாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பச்சைப்பயறு முளைகட்டினால் சத்துதானே என்று சிலர் கேட்பீர்கள். சாதாரண நாளில் சரி. வெள்ள நாளில், காய்ச்சாத தண்ணியில் ஊறிய பயறைப் பச்சையாகச் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கை நாமே கூப்பிட்ட மாதிரி ஆகும்.

இதையெல்லாம் மூடி இறுக்கமாக இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவிலோ சின்ன டிரம்மிலோ போட்டுப் பரண் மேல் வையுங்கள். கூடவே தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, கத்தி, ஒரு கிண்ணம், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு, வீட்டில் தினம் போடும் மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு. ரேஷன் கார்டும் குழு பாஸ் புக்கும் தனி பிளாஸ்டிக் கவரில் அதே டப்பாவில் இருக்கட்டும்.

அப்படியே வைத்துவிட்டு மறந்துபோகக் கூடாது. நம்ம குழுவில் சுழல்நிதி இருக்கிற மாதிரி இதுவும் சுழல் டப்பா. மாதம் ஒரு தடவை எடுத்து, பழசை வீட்டில் சமைத்துத் தீர்த்துவிட்டுப் புதுசைப் போடணும். முக்கியமாக வேர்க்கடலையைப் பாருங்கள். மழைக்கால ஈரத்தில் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த கடலையில் உண்டாகும் விஷம் ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் போகாது. 'காசு போட்டு வாங்கினது' என்று பார்க்காமல் கொட்டிவிடணும். பொங்கல் வந்ததும் டப்பாவைக் காலி பண்ணிவிடலாம்.

தண்ணியைப் பற்றி

சாப்பாடு ஒரு நாள் குறைந்தால் சமாளிக்கலாம். தண்ணி அப்படி இல்லை. குடிக்கவும் அவல் நனைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் வேண்டும். நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர். இரண்டு கேன் கணக்கு. கனமழை எச்சரிக்கை வந்த உடனே வீட்டில் உள்ள குடம், தவலை, கேன் எல்லாவற்றையும் நிரப்பி உயரத்தில் மூடி வையுங்கள். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது என்பது நமக்குத் தெரியும், ஆனாலும் மழை நாளில்தான் 'அப்புறம் பிடிச்சுக்கலாம்' என்று விட்டுவிடுகிறோம்.

வெள்ளத்தில் கிணறு, போர், சம்ப் எல்லாவற்றிலும் சாக்கடைத் தண்ணி கலந்திருக்கும். பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் நம்பக்கூடாது. துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷமாவது கொதிக்க விடணும். அடுப்பு இல்லாதபோது குளோரின் மாத்திரை. அந்த மாத்திரை பல அளவில் வருகிறது. எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று அட்டையில் பார்த்துப் போட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கணும். மழைக்கு முன்னாலேயே கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுக் குழுவுக்கு வாங்கி வைக்கலாம். மொட்டை மாடியில் மாட்டிக்கொண்டால் சுத்தமான பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து மழைத் தண்ணியையே பிடிக்கலாம். அதற்கும் மாத்திரை போட்டுத்தான் குடிக்கணும்.

வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டால் ஓ.ஆர்.எஸ். இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கும்பலாக அள்ளிப் போடக்கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. 'வயிறு சரியில்லை, பட்டினி போடு' என்பதும் வேண்டாம். தாய்ப்பாலோ கஞ்சியோ கொடுத்துக்கொண்டே இருக்கணும்.

பொட்டலச் சாப்பாடு

புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம், பிரிஞ்சி, பிரெட், பிஸ்கட். நல்ல மனசோடு யார் யாரோ சமைத்து அனுப்புகிறார்கள். கோயில், மசூதி, சர்ச், கல்யாண மண்டபம் எல்லாம் சமையல் கூடமாக மாறியதை 2015-ல் கண்ணால் பார்த்தோம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாங்குகிற நமக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்கணும்.

முதலாவது நேரம். சமைத்த சாப்பாடு வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெள்ள நாளில் அது நடக்கிற காரியம் இல்லை. காலையில் எங்கேயோ கட்டிய பொட்டலம் மதியம்தான் வந்து சேரும். ஆகவே, வந்ததும் எப்போது சமைத்தது என்று கேளுங்கள், வாங்கின உடனே சாப்பிடுங்கள், ராத்திரிக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். தயிர்சாதத்தையும் சாம்பார் சாதத்தையும் முதலில் முடித்துவிடணும். புளிசாதம் கொஞ்சம் தாங்கும். நசநசவென்று இருந்தாலோ புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். சாப்பாட்டைக் கொட்டுவது பாவம்தான், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகப் படகு கிடைக்காத நாளில் ஃபுட் பாய்சன் வந்தால் என்ன செய்வது?

இரண்டாவது, அதில் இருப்பது முழுக்கச் சாதம்தான். பருப்பு இல்லை, காய் இல்லை, முட்டை இல்லை. ஒரு வேளைக்குப் பரவாயில்லை, நாலு நாள் மூன்று வேளையும் அதுவே என்றால் வயிறு நிறையும், உடம்பு சோர்ந்துவிடும். நம்ம டப்பாவில் இருக்கிற பொட்டுக்கடலை, வேர்க்கடலை ஒரு கைப்பிடி கூடச் சேர்த்துக்கொண்டால் அந்தக் குறை பெருமளவு தீரும்.

கைக்குழந்தை

இதுதான் ரொம்ப முக்கியமான பகுதி. ஊக்குநர் இதை இரண்டு தடவை வாசித்துக் காட்டணும்.

வெள்ளம் வந்தால் "பயத்தில் தாய்க்குப் பால் வத்திடுச்சு" என்று பெரியவர்களே சொல்லிவிடுகிறார்கள். பயத்தில் பால் இறங்குவது சிறிது நேரம் தடைப்படலாம், வத்திப்போகாது. குழந்தையை அடிக்கடி மார்பில் போட்டு, தாயை ஒரு ஓரமாக நிம்மதியாக உட்கார வைத்தால் தானாக இறங்கும். தாய் ஒரு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் பால் சுரக்கும். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தண்ணிகூட வேண்டாம். வெள்ளக் காலத்தில் நாம் வைத்திருக்கிறதிலேயே சுத்தமான, காசில்லாத, அடுப்பு வேண்டாத சாப்பாடு அதுதான்.

நிவாரணச் சாமானோடு பால் பவுடர் டின்னும் புட்டியும் வரும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதைக் கொடுக்காதீர்கள். 2006-ல் இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா பூகம்பத்துக்குப் பிறகு நடத்திய ஆய்வில், இலவசமாக வந்த பால் பவுடரை வாங்கிய குழந்தைகளிடம், வாங்காத குழந்தைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் வயிற்றுப்போக்கு இருந்தது. பவுடர் கெட்டது என்பதால் இல்லை, கரைத்த தண்ணியும் கழுவ முடியாத புட்டியும்தான் காரணம். ஏற்கெனவே புட்டிப்பால் குடிக்கிற குழந்தை, தாயில்லாத குழந்தை இருந்தால் அதற்கு மட்டும் பவுடர் போகட்டும். அதையும் காய்ச்சின தண்ணியில் கரைத்து, புட்டிக்குப் பதிலாக நம்ம பாட்டிகாலத்துப் பாலாடையில் புகட்டுங்கள். பாலாடையைக் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுப்பது சுலபம், புட்டி நிப்பிளை அப்படிச் சுத்தம் பண்ண முடியாது.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு தாய்ப்பாலோடு அங்கன்வாடி சத்துமாவை, கொதித்து ஆறிய தண்ணியில் பிசைந்து கொடுக்கலாம். ஊறின அவலும் வாழைப்பழமும் பிசைந்து கொடுக்கலாம். முழு வேர்க்கடலையை மட்டும் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள், மூச்சுக் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். பொடி பண்ணித்தான் கொடுக்கணும்.

கடைசியில் சாப்பிடுகிறவர்கள்

யார் என்று சொல்லவேண்டியதில்லை. எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சம் இருந்தால் நாம் சாப்பிடுவோம். சாதாரண நாளிலேயே அப்படி என்றால் பொட்டலம் எண்ணி வருகிற நாளில் கேட்கவே வேண்டாம். கர்ப்பிணியும் பால் கொடுக்கிற தாயும் வீட்டில் இருந்தால் முதல் பங்கு அவர்களுக்கு என்று குடும்பத்தில் இப்போதே பேசி வைக்கணும். மாமியாரே முன்நின்று சொன்னால் ரொம்ப நல்லது.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. கக்கூஸ் மூழ்கிவிட்டது, முகாமில் ஆம்பளைங்க நிற்கிறாங்க, எங்கே போவது என்று நம்ம பெண்கள் காலையிலிருந்து தண்ணியே குடிக்காமல் இருக்கிறார்கள். நீர்க்கடுப்பு வருகிறது, தலைசுற்றல் வருகிறது, பால் கொடுக்கிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். இதற்கு வழி சாப்பாட்டுப் பட்டியலில் இல்லை. ஒரு பழைய சேலை, நாலு கம்பு, மறைப்பு. காவலுக்கு மாற்றி மாற்றி இரண்டு பேர். குழுப் பெண்கள் முகாமில் முதல் வேலையாக இதைச் செய்துவிட்டால் எல்லோரும் தைரியமாகத் தண்ணி குடிப்பார்கள். மாதவிலக்குத் துணிக்கும் அதே டப்பாவில் ஒரு மூலையில் இடம் வையுங்கள்.

சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் தனிக் கவனம். அவலும் வெல்லமும் அவர்களுக்கு ஒத்துவராது. பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் அதிகமாக, உப்பு அவல் குறைவாகக் கொடுக்கணும். சாப்பாடு தவறிப்போன நாளில் மாத்திரையை, ஊசியை எப்படிக் குறைப்பது என்று அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் மட்டும் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ ஒரு துண்டு வெல்லமோ கொடுக்கணும். கரண்ட் இல்லாதபோது இன்சுலின் பாட்டிலைச் சின்ன டப்பாவில் போட்டு மண் பானையில் வைத்தால் சூடு தாக்காது. பல் இல்லாத தாத்தா பாட்டிக்குப் பொட்டுக்கடலை மாவுதான் சரி.

நனைந்த மூட்டை

தண்ணி வடிந்த பிறகு ஒரு சோதனை வரும். நனைந்த அரிசியை மாடியில் வெயிலில் காயவைத்து, புடைத்து, கழுவி வைத்துக்கொள்ளத் தோன்றும். உழைத்த காசு என்பதால் மனசு கேட்காது. ஆனால் அதில் சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்திருக்கிறது. அரிசி, பருப்பு, மாவு, புளி, மிளகாய்த்தூள் எதுவானாலும் வெள்ளத் தண்ணி பட்டிருந்தால் போகட்டும். மாட்டுக்கும் கோழிக்கும்கூடப் போடவேண்டாம். சீல் உடையாத டின்னை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, பிளீச்சிங் தண்ணியில் துடைத்து வைத்துக்கொள்ளலாம். இந்த நஷ்டம் வராமல் இருக்க ஒரே வழி, ஐப்பசி பிறந்ததும் மூட்டையைத் தரையிலிருந்து பரணுக்கோ உயரமான மேடைக்கோ ஏற்றுவதுதான். முதல் வெள்ளத்தில் மிதந்த சிலிண்டரைக் கண்டு பயந்தவர்கள் அதையும் கட்டி வைப்பார்கள். நனைந்த ரெகுலேட்டரையும் டியூபையும் கேஸ் ஏஜென்சிக்காரர் பார்க்காமல் பற்றவைக்காதீர்கள்.

குழுவாகச் செய்தால்

தனி வீட்டில் டப்பா வைக்க முடியாதவர்கள் நம்மில் இருக்கிறார்கள். குடிசையில் பரண் ஏது? அவர்களுக்காகக் குழுவே ஒரு டிரம் வைக்கலாம். பிடி அரிசி எடுத்து வைப்பது நமக்குப் புதுசு இல்லை. தினம் ஒரு பிடி அரிசிக்குப் பதிலாக, ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்குக் கால் கிலோ அவலோ பொட்டுக்கடலையோ கொண்டுவந்தால் போதும், டிரம் நிரம்பிவிடும். மாடி வீடு உள்ள உறுப்பினர் வீட்டிலோ பள்ளிக்கூட மாடியிலோ வைக்கலாம். கூட்டமைப்பில் நலிவு நிலை குறைப்பு நிதி இருந்தால் அதிலிருந்து எடுக்க முடியுமா என்று கேட்டுத் தீர்மானம் போடுங்கள்.

மூன்றாம் நாள் தண்ணி கொஞ்சம் இறங்கி ஒரு வீட்டில் அடுப்பு எரிய ஆரம்பித்தால், தனித்தனியாகச் சமைக்காமல் ஒரே அண்டாவில் சமையுங்கள். கேஸும் மிச்சம், தண்ணியும் மிச்சம். 50 பேருக்கு ஒரு வேளைக்கு ஏழரைக் கிலோ அரிசி, இரண்டு கிலோ பாசிப்பருப்பு, அரை லிட்டர் எண்ணெய், மஞ்சள், உப்பு, சீரகம். பாசிப்பருப்பு சீக்கிரம் வேகும், குழந்தைக்கும் கிழவிக்கும் ஒத்துக்கொள்ளும். முருங்கை மரம் தண்ணிக்கு மேலேதான் நிற்கும். மேல்கிளைக் கீரையை நல்ல தண்ணியில் அலசிப் போட்டால் பொட்டலச் சாப்பாட்டில் இல்லாத சத்து வந்துவிடும். முட்டை கிடைத்தால் இன்னும் விசேஷம்.

அடுத்த கூட்டத்தில் ஒரு பட்டியல் எடுங்கள். தெருவாரியாக, எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் கர்ப்பிணி, தனியாக இருக்கிற முதியவர், சர்க்கரைக்காரர், நடக்க முடியாதவர், மாடி இருக்கிற வீடு எது, பெரிய அண்டா யாரிடம், மண்ணெண்ணெய் அடுப்போ விறகடுப்போ யாரிடம். நிவாரண வண்டி வந்ததும் இந்தப் பட்டியலைக் காட்டி, "முதலில் கடைசித் தெருவுக்குப் போங்க சார், இங்கே நாங்க இருக்கோம்" என்று சொல்கிற தைரியம் குழுப் பெண்களுக்குத்தான் உண்டு. பட்டியலின் மேலே 1077 மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 108 ஆம்புலன்ஸ், 104 மருத்துவ ஆலோசனை என்று நம்பர்களைப் பெரிசாக எழுதுங்கள்.

பேனாவில் எழுதவேண்டாம், நனைந்தால் கரைந்துவிடும். பென்சிலில் எழுதுங்கள். மாதா மாதம் மாறும், புதுசாக ஒருத்தர் மாசமாக இருப்பார், ஒருத்தர் குடி மாறிப் போவார், அழித்து எழுத வசதி. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஊக்குநர் வீட்டுப் பரணிலும் மற்றதைப் பக்கத்துத் தெருப் பிரதிநிதி வீட்டிலும் பிளாஸ்டிக் கவரில் வைத்துவிட்டு, ஐப்பசி முதல் கூட்டத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.